முதியவரின் கைப்பேசியிலிருந்து வரும் பதில் யாருடையது?

வாசகர் கேள்வி: நான் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைச் செவிலியர் படிப்பும் படிக்கிறேன். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, மாத்திரை வேளையை நினைவூட்டும் கைப்பேசிச் செயலி உதவுகிறதா என்பது என் ஆய்வு. 64 கேள்விகளோடு கூகுள் படிவம் தயாராக இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்விகளையும் கணினி மொழிபெயர்ப்பின் உதவியோடு தமிழாக்கிச் சேர்த்திருக்கிறேன். சாவைப் பற்றிய கடைசிக் கேள்வியை மட்டும், பெரியவர்கள் மனம் வருந்துவார்களே என்று எடுத்துவிட்டேன். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் ஒரு மாதத்தில் 400 பதில்கள் வந்துவிடும். இது போதுமா? ரத்தம் எதுவும் எடுக்காத ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பியிருந்த படிவத்தையும் படித்தேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம் வேண்டும். அது கைக்கு வரும்வரை ஒருவருக்கும் படிவத்தை அனுப்ப வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. பதில்களைச் சேர்த்து முடித்த பிறகு முன்தேதியிட்டு அனுமதி கேட்க முடியாது. அவ்வாறு சேர்த்த 400 பதில்களையும் ஆய்வேட்டில் பயன்படுத்தவும் முடியாது. மற்றவற்றைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

படிவத்தைப் படிக்கையில் என்னை நிறுத்தியது அதில் இல்லாத ஒரு கேள்வி. வயது, ஊர், நோய் வந்து எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். 'இந்தப் பதில்களைக் கைப்பேசியில் பதிகிறவர் யார்?' என்று மட்டும் எங்கும் கேட்கவில்லை. நம் பகுதியில் 75 வயது ஆச்சி ஒருவருடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு படிவம் வந்தால், அதைத் திறப்பவர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார். மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போகும் மருமகளோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரனோ, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணோ, சில வேளைகளில் சிங்கப்பூரிலிருந்து பேசும்போது 'அதை எனக்கு அனுப்பிவிடுங்க ஆத்தா, நான் போட்டுவிடுறேன்' என்று சொல்லும் மகனோதான் அதை நிரப்புவார்கள். அவர்கள் அதை அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் 'கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்தீர்களா?' என்ற கேள்விக்கு மகன் தருகிற விடை, தாயைப் பற்றி மகன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் காட்டும். தாயின் மனம் எப்படி இருக்கிறது என்பதை அது காட்டாது. நோயாளிக்குப் பதிலாக உறவினர் விடையளிக்கும்போது, நடப்பது, குளிப்பது, உடுத்துவது போலக் கண்ணால் காணக்கூடியவற்றில் இருவர் விடையும் ஓரளவு ஒத்துப்போவதும், வலி, கவலை, சோர்வு போல உள்ளே இருப்பவற்றில் விலகிப்போவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈக்யூ-5டி என்ற வினாப்பட்டியலில், நோயாளியின் சார்பாக மற்றவர் விடையளிப்பதற்கென்றே தனி வடிவம் இருப்பது இதனால்தான். ஆகவே, யார் பதிகிறார், பெரியவர் பக்கத்தில் இருக்கிறாரா, கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பதிகிறீர்களா என்ற மூன்று கேள்விகளும் உங்கள் படிவத்தின் தலைவாசலில் இருக்க வேண்டும்.

கேள்வி நேராகவே பெரியவரிடம் போய்ச் சேர்ந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, முதியோர் நலம் பற்றிய கணக்கெடுப்புக்காகக் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பெரிய வீடொன்றின் முகப்பில் உட்கார்ந்திருந்தேன். 'நீங்கள் தனியாக வசிக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு அந்த ஆச்சி 'இல்லையே' என்று உறுதியாகச் சொன்னார். நானும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். காபி கலந்து வர அவரே எழுந்து உள்ளே போனபோதுதான் வளவை, அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியை, பார்த்தேன். சுற்றிலும் இருந்த அறைகளில் ஒன்றைத் தவிர மற்றவை பூட்டிக் கிடந்தன. திரும்பி வந்தவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். 'எட்டுப் புள்ளி வீடு தம்பி இது. இதில நான் தனின்னு எப்படிச் சொல்றது?' என்றார். புள்ளி என்றால் நகரத்தார் வழக்கில் திருமணமான ஒரு குடும்பம். இரவில் துணைக்கு ஆள் இருக்கிறதா என்று நான் கேட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவரோ வீடு யார் யாருக்குப் பாத்தியம் என்பதற்கு விடை சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் கேள்விக்குத்தான் அவர் வீட்டைத் தெரியவில்லை. மறுநாளே அந்தக் கேள்வியை 'நேற்று இரவு இந்த வீட்டில் உங்களோடு படுத்திருந்தவர்கள் யார் யார்?' என்று மாற்றினோம். உங்கள் படிவத்தின் ஏழாம் கேள்வி, நான் அன்று கேட்ட அதே பழைய கேள்வி. தயவுசெய்து அதை மாற்றிவிடுங்கள்.

இனி பிஎச்கியூ-9. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைக் கையின் பருமனுக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதும், பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. வினாப்பட்டியலும் அதுபோல ஒரு கருவிதான். 2001-இல் வெளிவந்த பிஎச்கியூ-9 இரண்டு வார காலத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் நேரில் பார்த்து ஆராய வேண்டிய நிலை என்று கொள்வது வழக்கம். அந்த 10 என்ற எல்லைக்கோடு, குறிப்பிட்ட சொற்களைக் குறிப்பிட்ட வரிசையில் கேட்டு, அதே நோயாளிகளை மனநல வல்லுநர்கள் தனியே பேட்டி கண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வகுக்கப்பட்டது. சொல்லை மாற்றினால் அந்தக் கோடு நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

உங்கள் படிவத்தில் நடந்திருப்பது அதுதான். முதல் கேள்வி, காரியங்களைச் செய்வதில் நாட்டமோ மகிழ்ச்சியோ குறைந்துபோயிற்றா என்று கேட்க வேண்டியது. கணினி அதைக் 'காரியங்களைச் செய்வதில் சிறிய ஆர்வம் அல்லது இன்பம்' என்று தந்திருக்கிறது. இதைப் படிக்கிற பெரியவர், தினமும் கொஞ்சம் ஆர்வம் இருக்கத்தான் செய்கிறது என்று எண்ணி 'ஏறக்குறைய தினமும்' என்பதைத் தொடுவார். நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னது மூன்று மதிப்பெண் நோயாகப் பதிவாகும். விடைகளின் வரிசையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒரு மதிப்பெண்ணுக்குரிய விடை 'சில நாட்கள்' என்று இருக்க வேண்டும்; உங்கள் படிவத்தில் அது 'பல நாட்கள்' என்று வந்திருக்கிறது. தமிழ்க் காதுக்குப் 'பல நாட்கள்' என்பது 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' என்பதைவிடக் குறைவாக ஒலிக்காது. ஏணியின் படிகள் இடம் மாறிக் கிடந்தால் ஏறுகிறவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த வினாப்பட்டியலுக்கு ஏற்கெனவே தமிழ் வடிவம் உண்டு. கட்டணமோ தனி அனுமதியோ இல்லாமல் பயன்படுத்தலாம். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா வினாப்பட்டியல்களும் இப்படி இலவசமாகக் கிடைப்பவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மாத்திரை ஒழுங்கை அளக்கும் பெயர்பெற்ற பட்டியல் ஒன்றை உரிமம் பெறாமல் பயன்படுத்தியதற்காக, வெளிவந்த கட்டுரைகளே திரும்பப் பெறப்பட்ட நிகழ்வுகள் உண்டு.

முதியோருக்கு பிஎச்கியூ-9 தான் ஏற்றதா என்பதையும் உங்கள் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரோடு கலந்து பேசுங்கள். அது தூக்கம், பசி, உடற்சோர்வு ஆகியவற்றைக் கேட்கிறது. சர்க்கரை நோயுள்ள முதியவர் இரவில் சிறுநீர் கழிக்க நான்கு முறை எழுந்தால் தூக்கம் கெடத்தான் செய்யும். அது மனத்தின் குறையா, நோயின் குறையா என்பதை அந்த மதிப்பெண் பிரித்துச் சொல்லாது. முதியோர்க்கென்றே வகுத்த ஜிடிஎஸ்-15 என்ற பட்டியல் இத்தகைய உடற்குறிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே விடைகளோடு அமைந்தது. வாய்விட்டு வாசித்துக் கேட்பதற்கும் எளியது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நீங்கள் நீக்கிவிட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு மீதி எட்டையும் பிஎச்கியூ-9 என்று அழைக்கக் கூடாது. எட்டுக் கேள்விகள் கொண்ட வடிவத்துக்கு பிஎச்கியூ-8 என்றே பெயர்; கூட்டுத்தொகை 24 வரை; அதற்கும் எல்லைக்கோடு 10 தான். பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில், விடை சொன்னவரை உடனே தொடர்பு கொண்டு உதவ வழியில்லாத இடங்களில், அந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே உங்கள் முடிவு தவறென்று சொல்லமாட்டேன். நீங்கள் சொன்ன காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. சாவைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் வருந்துவார்கள், அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பலருக்கும் இருக்கிறது. பரிவோடு, தனிமையில் கேட்டால் அப்படி நேர்வதில்லை என்பதே இதுவரையிலான ஆய்வுகளின் முடிவு. சொல்ல ஆளில்லாமல் இருந்தவருக்குக் கேட்க ஒருவர் வந்தது ஆறுதலாகவே அமையலாம்.

கேட்டபின் என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. நம் பெரியவர்களின் பேச்சில் 'போய்ச் சேர்ந்தால் தேவலை', 'அந்த முருகன் எப்போ கூப்பிடுவானோ' என்பவை அன்றாடம் வரும் தொடர்கள். பேரன் கல்யாணத்தைப் பார்த்துவிட்ட நிறைவில் சொல்பவரும் உண்டு; மூன்று நாளாக அடுப்பே மூட்டாமல் கிடந்து சொல்பவரும் உண்டு. படிவத்தின் கட்டத்துக்குள் இரண்டும் ஒரே மதிப்பெண்தான். நேரில் இருக்கும் செவிலியர் மட்டுமே அடுத்த கேள்வியைக் கேட்டு இவற்றைப் பிரித்தறிய முடியும்: எத்தனை நாளாக அப்படித் தோன்றுகிறது, ஏதாவது செய்துகொள்ளலாம் என்று எண்ணியது உண்டா, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார். கூகுள் படிவத்தில் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டு, அது ஒரு மாதம் கழித்து உங்கள் கணக்குத்தாளில் ஒரு எண்ணாக வந்து நிற்குமானால், அவர் உதவி கேட்ட நேரத்தில் யாரும் காது கொடுக்கவில்லை என்றுதான் பொருள். எனவே, அதே நாளில் விடைகளைப் பார்த்து, தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் சேர்க்க ஏற்பாடு இருந்தால் மட்டுமே அந்தக் கேள்வியை வையுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசி வழி மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, எந்த விடை சொன்னவராயினும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு வழியில்லை என்றால் பிஎச்கியூ-8 போதும்; ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

64 கேள்விகள் அதிகம். சென்னை மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற நான்கே செய்திகளைக் கொண்டு 100-க்கு மதிப்பெண் இட்டு, 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம் என்று சொல்லிவிடுகிறது. உங்கள் ஆய்வுக்கு உரியவர்கள் ஏற்கெனவே நோயுள்ளவர்கள் என்பதால் அது உங்களுக்குப் பயன்படாது. நான் காட்ட விரும்புவது அதன் சிக்கனத்தை. நாடாவால் அளக்கக்கூடியதை அதில் வாயால் கேட்கவில்லை. உங்கள் படிவத்தில் 'உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?' என்று நான்கு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் அவருடைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இருக்கிறதே. ஒப்புதல் பெற்று அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் நான்கு கேள்விகளும் மிச்சம். ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பல முறை கேட்டால் குரோன்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் எண் உயர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை மட்டுமே காட்டும். அளக்க வேண்டியதை அளந்தோமா என்பதைச் சொல்லாது.

மாத்திரையைப் பற்றிய கேள்விதான் உங்கள் ஆய்வின் உயிர். 'மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?' என்று ஒரு செவிலியர் கேட்டால், மருத்துவமனைக்கு வந்து போகிற எந்தப் பெரியவர் 'இல்லை' என்பார்? தவறவிடுவது இயல்பென்று முதலில் ஒப்புக்கொண்டு கேட்க வேண்டும். 'பலருக்கும் ஒரு வேளை, இரண்டு வேளை விட்டுப்போவது உண்டு. போன ஏழு நாளில் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போயிற்று?' என்று கேட்டுப் பாருங்கள். நோன்பு, விரதம், கோயில் காரியம், கல்யாண வீடு என்று வெளியே போன நாட்களைத் தனியே கேளுங்கள். வேளை தவறுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பிறகு மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். வாங்கிய நாளும் மீதியும் தெரிந்தால் சொன்ன பதிலைச் சரிபார்க்கலாம். 'கடந்த இரண்டு வாரங்களில்' என்ற கால அளவையும் அப்படியே விட்டுவிடாமல், 'போன சஷ்டியிலிருந்து' என்றோ, 'பிள்ளையார் நோன்பு கழிந்ததிலிருந்து' என்றோ, அவர்கள் நினைவில் நிற்கும் ஒரு நாளோடு முடிச்சுப் போட்டுச் சொன்னால் விடை தெளிவாக வரும்.

செயலியைப் பயன்படுத்துவது எளிதா என்பதை அளக்க எஸ்யூஎஸ் என்ற பத்து வாக்கியப் பட்டியலைச் சேர்த்திருக்கிறீர்கள். 1986 முதல் புழங்கிவரும் நல்ல கருவி அது. ஆனால் அதில் ஒரு வாக்கியம் செயலியைப் புகழ்ந்தும் அடுத்தது குறை சொல்லியும் மாறி மாறி வரும். 'இந்தச் செயலி தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது' என்பதற்கு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் முதியவர்கள் தடுமாறுவார்கள். இரட்டை எதிர்மறை வருகிற இடங்களில் வாசிப்பவர் நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். பிள்ளைகளைப் போல அவர்களைச் சோதிக்கிற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது.

இப்போது வாட்ஸ்அப்பும் 400-ம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 1.96-இன் வர்க்கத்தை 0.5-ஆலும் மீண்டும் 0.5-ஆலும் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 வரும். அதை முழு எண்ணாக்கி 400 என்று வைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கு, மக்கள்தொகையில் ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இருந்தால்தான் செல்லும். வாட்ஸ்அப் குழுவில் பதிலளிப்பவர், கைப்பேசி கைவந்தவர், நேரம் உள்ளவர், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர். செயலி உதவுமா என்று அறியப் புறப்பட்டு, ஏற்கெனவே செயலிகளோடு பழகியவர்களிடம் மட்டும் கேட்டால் விடை முன்பே முடிவாகிவிடுகிறது. குழுவில் எத்தனை பேர் படிவத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் பாராமல் தள்ளினார்கள் என்பதும் தெரியாது. நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு வைத்திருப்பது எதற்கு? வரி வந்ததையும் வராததையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதற்கு. மொத்தம் எத்தனை புள்ளி என்று தெரிந்தால்தான் வராதவர் யார் என்பதும் தெரியும். ஆய்விலும் அந்த மொத்தம் வேண்டும். அதற்காகப் புள்ளிப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும்; வேண்டாம். அதில் உள்ளவர்களில் பலர் சென்னையிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். இங்கே ஓலைக் கொட்டான் முடைகிறவர்களும், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவர்களும், பலகாரம் சுட்டு விற்கிறவர்களும், விவசாயக் கூலிகளும் அதில் இல்லை. சர்க்கரை நோய் எல்லாருக்கும்தான் வருகிறது.

உங்கள் மருத்துவமனையின் புறநோயாளர் பதிவேடே போதும். அதில் தகுதியுள்ளவர்களை வரிசைப்படுத்தி, ஐந்தில் ஒருவர் என்ற முறையில் எடுத்து, மறுத்தவர்களையும் வராதவர்களையும் எண்ணிக்கையோடு குறித்துக்கொண்டால், நூற்றுச் சொச்சம் பேரிடம் நேரில் கேட்டுப் பெற்ற விடை, யாரென்றே தெரியாத 400 விடைகளைவிட மேலானது. எத்தனை பேர் வேண்டும் என்பதைப் புள்ளியியல் அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். செயலி உள்ளவர்களை இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது, மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்களே செயலியையும் நாடியிருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் நிற்கும். அதைத் தீர்க்க, சிலருக்குச் செயலியைக் கொடுத்தும் சிலருக்குக் கொடுக்காமலும் நீங்களே பிரிப்பதாக இருந்தால் அது தலையீட்டு ஆய்வாகிவிடும். முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்னால் போய்ப் பதிய வழியில்லை.

டிஜிட்டல் முறையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். தாளைவிட அது பல வகையில் நல்லது. கருவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. கைக்கணினியை நீங்கள் வைத்துக்கொண்டு, கேள்வியை வாசித்து, பெரியவர் சொல்வதை நீங்கள் பதியுங்கள். ஓடிகே, கோபோ போன்ற இலவச மென்பொருள்கள் இணையம் இல்லாத உள்கிராமத்திலும் வேலை செய்யும். சமிக்ஞை கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடும். தேவையற்ற கேள்விகளைத் தாண்டிச் செல்லும் வழியையும் அவற்றில் அமைக்கலாம். ஒவ்வொரு பதிவும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைப் பாருங்கள். நாற்பது கேள்விகள் இரண்டு நிமிடத்தில் முடிந்திருந்தால் அந்தப் பதிவை உங்களிடமே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விகளையும் 'கட்டாயம்' என்று பூட்டியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டுச் 'சொல்ல விரும்பவில்லை' என்ற விடையைச் சேருங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தினால் பொய்தான் கிடைக்கும். கூடுமானவரை முகப்பில் எல்லார் நடுவிலும் கேட்காமல், பெரியவர் விரும்பும் இடத்தில் தனியாகக் கேளுங்கள். மருமகள் காபித் தம்ளரோடு நிற்கும்போது வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்பது யாருக்கும் நன்மை செய்யாது.

ரத்தம் எடுக்கவில்லையே என்ற உங்கள் கேள்விக்கு மறுபடி வருகிறேன். மனிதர்களிடமிருந்து உடல்நலச் செய்தி திரட்டும் ஆய்வு எதுவாயினும் நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின் நிலை. ஆபத்து மிகக் குறைவு, முழுப் பரிசீலனை வேண்டாம் என்று விலக்கு அளிக்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கே; ஆய்வாளர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஆய்வு மனச்சோர்வைத் தொடுவதால் விலக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வில் தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். இன்னொன்று மிக முக்கியம். நீங்கள் அவர்களுக்கு ஊசி போடுகிற செவிலியர். மறுத்தால் நாளைக்குக் கவனிப்புக் குறையுமோ என்று அவர்கள் நினைப்பது இயற்கை. ஆகவே ஒப்புதலை உங்களோடு படிக்கும் வேறொருவர் பெறுவது நல்லது.

பெயரையும் தொலைபேசி எண்ணையும் விடைகளிலிருந்து பிரித்து, இடையில் ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து, அந்த இணைப்புப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நம் ஊர்கள் சிறியவை என்பது. பெயரில்லாவிட்டாலும் 'பள்ளத்தூர், 81 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மகன் அமெரிக்காவில்' என்று நான்கு செய்திகள் ஒன்றாக அச்சானால் அவர் யார் என்று தெருவே சொல்லிவிடும். ஆய்வேட்டில் ஊர்ப் பெயரைத் தவிர்த்து, வயதைப் பத்தாண்டு வகுப்பாகத் தாருங்கள்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆய்வில் சேராத, உங்களுக்கு உறவான ஐந்து பெரியவர்களிடம் திருத்திய படிவத்தை எடுத்துச் செல்லுங்கள். இது கேள்விகளின் சொற்களைச் சோதித்துப் பார்க்க மட்டும்தான்; ஆய்வுக்கு விடை சேர்க்க அல்ல. ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, விடை வாங்கியபின், 'நான் என்ன கேட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். 'மனச்சோர்வு' என்ற சொல்லுக்கு ஒருவர் 'சடவா இருக்கிறது' என்று உடம்பைக் காட்டுவார். இன்னொருவர் 'மனசு சரியில்லை' என்பார். 'சர்க்கரை நோய்' என்றால் விழிப்பவர் 'சீனி வியாதி' என்றதும் தலையாட்டுவார். அவர்கள் சொன்ன சொற்களை உங்கள் நடையில் திருத்தாமல் அப்படியே எழுதி, திருத்திய படிவத்தோடு எனக்கு அனுப்புங்கள். குழுவுக்கு விண்ணப்பம் போவதற்குள் அதைப் படித்து எழுதிவிடுகிறேன்.